ஏழாவது புரதம்

12 ஆகஸ்ட் 2009

குழித்துறையில் பாசஞ்சர் இன்றும் பிந்தியது. திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்து லேபில் கோட்டை மாட்டும்போது கிருஷ்ணமணி மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "இனயத்துக்காரி வந்தாச்சா?" என்றார். மேடத்துக்கு நாகர்கோவில். இத்தனை மலையாளிகளுக்கு நடுவில் எங்கள் கடற்கரைக் கிராமமான இனயத்தின் பெயரைச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

லிஜின் கத்தாரிலிருந்து போன் பண்ணினான். "நீ அங்க என்னதான் செய்ய? தெளிவாச் சொல்லு" என்றான். தம்பிக்குச் சொன்னதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். அவனுக்குப் புரியும்படி சொன்னபோதுதான் எனக்கே தெளிவானது.

முன்பு குரல்வளைப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை எடுத்தவர்களின் சதைத் துணுக்குகள் மெழுகில் பதித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற மருந்தை அதன்மேல் விட்டால், அந்தப் புரதம் இருக்கிற இடமெல்லாம் தவிட்டு நிறமாகும். அந்த நிறம் யாருக்கு அடர்த்தி, யாருக்கு வெளிர் என்று குறிக்க வேண்டும். பிறகு அந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். கதிர் யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பதை அந்த நிறம் முன்கூட்டியே சொல்லுமா? இவ்வளவுதான் என் படிப்பு.

ஒரு டஜன் புரதங்கள் எடுத்திருக்கிறோம். இன்று தொடங்கியது ஏழாவது. நீளமான பெயர். இங்கே ஏழு என்றே எழுதிக்கொள்கிறேன்.

29 ஆகஸ்ட் 2009

சனிக்கிழமை. விடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். அப்பா ஏலம் விளித்துக்கொண்டிருந்தார். எதிர்க்காற்று அடித்தாலும் கோயில் வாசல் வரைக்கும் போகிற சத்தம். வள்ளக்காரர்கள் மீனைக் குவித்துவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வார்கள். விலையை ஏற்றுவது அப்பாவின் தொண்டைதான்.

இன்று நடுவில் சத்தம் கீறிப்போனது. மறுபடியும் ஒரு தடவை. குழித்துறைச் சந்தைக்கு மீன் எடுக்கிற பூங்கனி அக்கா, "ததேயு அண்ணனுக்கு இந்த வயசுல சத்தம் உடையுது, பாத்தியளா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"கொஞ்சம் சளி கட்டியிருக்கு, மக்ளே" என்றார் என்னிடம். வாயில் பீடி வாசம்.

14 நவம்பர் 2009

இன்றைய தேதியை மறக்கக் கூடாது.

பிபின்தான் எங்களுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் போட்டுத் தருகிறவன். மத்தியானம் திரையைத் திருப்பிக் காட்டினான். இரண்டு கோடுகள். ஏழு வெளிர் நிறமாக இருந்தவர்களின் கோடு மேலேயே நடந்து போகிறது. அடர் நிறமாக இருந்தவர்களின் கோடு படிக்கட்டில் தவறி விழுந்ததுபோல் இறங்குகிறது. கதிர் முடிந்து இரண்டு வருஷத்துக்குள் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புற்று திரும்பி வந்திருக்கிறது. எவ்வளவு அடர்ந்தால் 'அடர்த்தி' என்று வைப்பது என்பதற்குப் பிபின் பல இடங்களில் எல்லை போட்டுப் பார்த்தானாம். இந்த இடத்தில் போட்டபோது இரண்டு கோடும் தெளிவாகப் பிரிந்தன.

மேடம் திரையருகே குனிந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பிறகு, "ஆளுக கொஞ்சம்தான், டெல்சி. ஒரே ஆஸ்பத்திரி வேற. ரொம்ப ஆடாதே" என்றார். ஆனால் கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் பழம்பொரி வாங்கி வரச் சொன்னார்.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்திருப்பேன் போலும். எதிரே இருந்த அம்மா என்னையே பார்த்தாள்.

3 ஜனவரி 2010

கிறிஸ்துமஸ் போய் வருஷமும் பிறந்துவிட்டது. அப்பாவின் 'சளி' இன்னும் போகவில்லை.

நானா இத்தனை நாள் இதைக் கேட்டும் கேட்காமல் இருந்தேன்? நாள் முழுக்க இதே நோயைத்தானே பார்க்கிறேன்.

6 ஜனவரி 2010

அப்பாவைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனேன். சர்ஜன் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். திரையில் எனக்கும் தெரிந்தது. இடது குரல்நாண் அசையவே இல்லை. அதன்மேல் பூ மாதிரி ஒரு தடிப்பு. சோதனைக்கு அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்.

அப்பா மலையாளத்தில் அவரிடம் வள்ளத்தைப் பற்றியும் சுறாவைப் பற்றியும் கதை பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கீறல் சத்தத்தோடு.

13 ஜனவரி 2010

புற்றுதான்.

19 ஜனவரி 2010

இரண்டு வழி இருக்கிறது என்று சர்ஜன் சொன்னார். குரல்வளையை முழுக்க எடுத்துவிடலாம். கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விட வேண்டும், பேச்சு போய்விடும். இல்லையென்றால் கதிர், ஊரில் சொல்கிற 'கரண்டு', வைத்துக் கூடவே மருந்தும் கொடுத்துப் பார்க்கலாம். அது பலித்தால் குரலும் உயிரும் மிஞ்சும். பலிக்காவிட்டால் அதன் பிறகு அறுக்க வேண்டும். கதிர் பட்ட சதை ஆறுவது கஷ்டம். சில பேருக்கு அறுக்கவே முடியாமல் போய்விடும்.

"ரெண்டும் ஏறக்குறைய சமம்தான், நீங்க யோசிச்சு சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர். அவசரப்படுத்தவில்லை.

லிஜின் போனில், "இதுல யோசிக்க என்ன இருக்கு? கரண்டு வைக்கச் சொல்லு. அப்பாக்கச் சத்தம் போனா அப்பா எதுக்கு?" என்றான். சொன்ன பிறகு அவனே அழுதான்.

அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அடுக்களையில் இருந்துவிட்டாள்.

21 ஜனவரி 2010

இன்று அப்பாவே கேட்டார். முற்றத்தில் வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டு போனேன்.

"ஏட்டி, நீ இந்தத் தொண்டை நோயிலதானே படிக்கிய?"

"ஆமாப்பா."

"கரண்டு யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காதுன்னு கண்டுபிடிக்கதாட்டு தம்பிகிட்ட சொன்னேல்லா. அவன் எனக்கிட்ட சொன்னான்."

நான் காபியை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்க சதையையும் ஒனக்க கண்ணாடியில வச்சுப் பாரு. என்னது காணுதோ அத எனக்கிட்ட சொல்லு. ஒளிக்காண்டாம்."

"அது இன்னும் சோதனையிலதான் இருக்குப்பா. டாக்டருமாரு யாரும் அத வச்சு வைத்தியம் பாக்கது இல்ல."

"நான் டாக்டர்மாருட்ட கேக்கல. எனக்க மோளுட்ட கேக்கேன்."

25 ஜனவரி 2010

மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நீ என்ன கேக்குறேன்னு ஒனக்கு மனசிலாகுதா?"

"அப்பாதான் கேக்காரு, மேடம்."

"அவர் கேக்கலாம். அவருக்கு உயிரு. நாம என்ன பதில் சொல்ல முடியும்? நூறு பேரைப் பாத்து, இப்படிப்பட்ட கூட்டத்துல இத்தனை பேருக்குத் திரும்பி வந்துச்சுன்னு சொல்லலாம். ததேயுஸ்னு ஒரு ஆளுக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியுமா? அதுவும் வேற எங்கயும் சரிபாக்காத ஒண்ணை வச்சு?"

நான் அழுதுவிட்டேன். லேபில் இதுவரை அழுததில்லை. மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். கொஞ்சம் கழித்து, "எங்கப்பனுக்கு வந்திருந்தா நானும் பாத்திருப்பேன்" என்றார்.

முறைப்படி அனுமதி வாங்கி, மற்ற தகடுகளோடு அதையும் கலந்து வைத்து, யாருடையது என்று தெரியாத இரண்டு பேர் படிப்பதாக முடிவாயிற்று. சாயம் ஏற்ற வேண்டியவள் நான்தான். வேண்டாம் என்றார் மேடம். நான் கேட்கவில்லை.

2 பிப்ரவரி 2010

அடர்த்தி. படித்த இருவருமே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

எல்லோரும் போன பிறகு அப்பாவின் தகட்டை நானும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஓரம் முதல் ஓரம் வரைக்கும் தவிடு. இதுபோல எத்தனையோ தகடு பார்த்திருக்கிறேன். "நல்லா ஏறியிருக்கு" என்று மகிழ்ந்தும் இருக்கிறேன்.

4 பிப்ரவரி 2010

சொல்லிவிட்டேன்.

"கறுப்பா இருக்குப்பா" என்றேன்.

"கறுப்புன்னா?"

"நாங்க பாத்த ஆளுகள்ல, இப்பிடி இருந்தவங்களுக்கு கரண்டு வச்ச பிறகும் முக்கால்வாசிப் பேருக்குத் திரும்பி வந்திருக்கு."

"மிச்சக் கால்வாசி?"

"நல்லா இருக்காவ."

"நான் எதுலயாக்கும்?"

"அது தெரியாதுப்பா. அத அது சொல்லாது. இந்தக் கணக்கே தப்பா இருக்கவும் செய்யும். மேடமும் அப்பிடித்தான் சொன்னாவ."

அப்பா கையிலிருந்த வலைக்கயிற்றில் இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடப்பொறத்துல நிக்கணும்னா சத்தம் வேணும்" என்றார் அப்பா கடைசியில். "வீட்டுல இருக்கணும்னா உயிரு போதும். எடுத்துரட்டும்."

அவர் முடிவெடுத்தாரா? நான் எடுக்கவைத்தேனா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன். ஆனால் 'கறுப்பு' என்ற ஒரு வார்த்தையை முதலில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்ததா?

13 பிப்ரவரி 2010

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை என்று அப்பா இன்று ஏலத்துக்குப் போனார். நானும் அம்மாவும் கூடப் போனோம். அம்மா எத்தனையோ வருஷமாகக் கடற்கரைப் பக்கம் வராதவள்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வழக்கமாக ஏலத்தில் ஆளுக்கு ஆள் கத்துவார்கள். இன்று ஒரு சத்தம் இல்லை. அப்பா சிரமப்பட்டு ஒரு விலையைச் சொல்ல, பெண்கள் கையை மட்டும் தூக்கினார்கள். சூரைமீன் குவியலின் ஏலத்துக்கு நடுவில் அவருக்குச் சத்தம் நின்றேபோனது. வாய் மட்டும் அசைந்தது. பூங்கனி அக்கா முன்னால் வந்தாள்.

"அண்ணன் வெரலக் காட்டுங்க. நாங்க மனசிலாக்கிக்கிடுவோம்."

விரலாலேயே முடித்தார். கடைசிக் குவியல் போன பிறகும் யாரும் மீன்வட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அலையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

18 பிப்ரவரி 2010

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவடியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மைய சாப்பிட வையி" என்றார்.

9 மார்ச் 2010

மண்டைக்காட்டுக் கோயில் கொடைவிழா. பஸ் எல்லாம் நிறைந்து வழிகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து கார் பிடித்துத்தான் வீடு வந்தோம். அப்பா கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். துளைக்கு முன்னால் துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது முத்துநாயகம் என்று ஒருவர் பார்க்க வந்தார். மண்டைக்காட்டுக்காரர், பஸ் கண்டக்டராக இருந்தவர். இதே ஆபரேஷன் ஆகி வருஷங்கள் ஆகின்றன. காற்றை விழுங்கி, ஏப்பம் விடுவதுபோல் மேலே தள்ளி, அதையே பேச்சாக ஆக்கப் பழகியிருக்கிறார். "பழகினா… வரும்… அண்ணாச்சி" என்றார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் போன பிறகு சிலேட்டில் எழுதினார்: "பன்றி மாதிரி."

2 ஜூலை 2010

அப்பா சிரிக்கும்போது சத்தம் வராது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். சிரித்ததே இன்றுதான். பூனை அயிலைத் தலையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியதைப் பார்த்து.

26 மே 2011

எங்கள் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. என் பெயர் முதலில். லேபில் கை தட்டினார்கள்.

வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். இரண்டு கோடுகள் இருக்கிற பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். விரலை இறங்குகிற கோட்டின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தார். சிலேட்டை எடுத்தார்: "இதுல நான் உண்டா?"

"இல்லப்பா. இது எல்லாம் பழைய ஆளுக."

தலையை ஆட்டினார். பக்கத்தை மடக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

17 பிப்ரவரி 2012

இரண்டு வருஷம். சோதனை எல்லாம் சுத்தம். சர்ஜன் கைகொடுத்தார். அம்மா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாள். லிஜின் கத்தாரிலிருந்து மிட்டாய் கொடுத்துவிட்டிருந்தான்.

அப்பா கடற்கரைக்குப் போவதில்லை. வேறு ஒருவர் ஏலம் விளிக்கிறார். காலையில் காற்று வாட்டமாக இருந்தால் அந்தச் சத்தம் வீட்டுக்குள் வரும். அப்போது அப்பா எழுந்து போய்க் கிணற்றில் தண்ணீர் இறைப்பார், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறார்கள். வரமாட்டேன் என்கிறார். நான் மறுபடியும் கேட்டதற்குச் சிலேட்டைக் குப்புற வைத்துவிட்டார்.

30 அக்டோபர் 2012

வேறு இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து மெழுகுக் கட்டிகள் வந்து சேர்ந்தன. முன்பு பார்த்ததைப்போல நான்கு மடங்கு ஆட்கள். வேலை கூடியதால் இப்போது ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமைதான் ஊருக்குப் போகிறேன். ஏழு சொன்னது மற்ற இடங்களிலும் நிற்கிறதா என்று பார்க்கப்போகிறோம். இந்தத் தடவை 'அடர்த்தி'க்கான எல்லையை முதலிலேயே எழுதி, உறையில் போட்டு மேடம் பூட்டி வைத்துவிட்டார். முடிவைப் பார்த்துவிட்டு யாரும் அதை நகர்த்தக் கூடாது.

இதில் எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. நிற்கும்.

7 ஜூன் 2013

நிற்கவில்லை.

பிபின் மத்தியானம் கூப்பிட்டான். திரையைத் திருப்பவில்லை, நானே அவன் பக்கம் போய்ப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக, பின்னிப்பின்னி, ஒரே சரிவாக இறங்குகின்றன. அடர்ந்தவர்களும் வெளிர்ந்தவர்களும் ஒரேமாதிரி பிழைத்திருக்கிறார்கள், ஒரேமாதிரி செத்திருக்கிறார்கள்.

"திருப்பிப் போட்டுப் பாரு" என்றேன். போட்டான். "தகடு மாறியிருக்குமோ?" மாறவில்லை. "ஒரு ஆஸ்பத்திரிய மட்டும் தனியா—" என்று ஆரம்பித்தேன். மேடம் என் தோளில் கை வைத்தார்.

"அப்பிடித் தேடித்தான் மொதல்ல கண்டுபிடிச்சோம், டெல்சி."

ஆமாம். ஆட்கள் கொஞ்சம். எல்லையை இங்கே போட்டு, அங்கே போட்டு, கோடுகள் அழகாகப் பிரிகிற இடத்தில் நிறுத்தினோம். பொய் சொல்லவில்லை. எல்லோரும் செய்வதுதான். அந்த நூற்றுச்சொச்சம் பேரில் தற்செயலாக விழுந்த ஒரு உருவத்தைப் பார்த்து இதுதான் நோயின் குணம் என்று நம்பிவிட்டோம்.

ஏழுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு எப்போதுமே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அப்பா—

8 ஜூன் 2013

இன்று ஊருக்குப் போகவில்லை. ரயிலை விட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

கதிர் வைத்திருந்தால் அப்பா இப்போது பேசிக்கொண்டிருக்கலாம். செத்தும் போயிருக்கலாம். இரண்டில் எது என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது. இது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். ஏன் இல்லை?

14 ஜூன் 2013

மேடம் கேட்டார்: "அப்பாட்ட சொல்லப்போறியா?"

"சொல்லணுமா, மேடம்?"

"நான் கட்டுரையில சொல்லப்போறேன். மொதல் கட்டுரை வந்த அதே பத்திரிகையில, அதே அளவு எழுத்துல. வீட்டுல என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது."

22 ஜூன் 2013

மழை. கடல் அடைப்பு, வள்ளம் எதுவும் இறங்கவில்லை. அலை தடுப்புக் கல்லையும் தாண்டி ரோட்டில் விழுகிறது. அப்பா கல்லருகே குடைபிடித்து நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

சொன்னேன். எல்லாவற்றையும். புதிய ஆட்கள், பின்னிக்கொண்ட கோடுகள், எல்லை எப்படிப் போட்டோம் என்பது.  அலைச் சத்தத்தில் நான் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அது எனக்கு வெட்கமாக இருந்தது, அவர் முன்னால் கத்திப் பேசுவது.

"அந்தக் கறுப்புக்கு அர்த்தமே இல்லப்பா."

அப்பா சட்டைப்பையிலிருந்து சின்னச் சிலேட்டை எடுத்தார். மழையில் சிலேட்டுக் குச்சி வழுக்கியது. "அப்போ?" என்று மட்டும் எழுதினார்.

"அப்போ, எனக்குத் தெரியாதுன்னு மட்டும்தான் அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்."

மழை எழுத்தை அழித்துவிட்டது. குடையை என் கையில் கொடுத்தார். நனைந்துகொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார், மழை விழாமல் துளைக்கு மேலே கையைக் கவித்துக்கொண்டு. பின்னாலேயே ஓடிக் குடையை நீட்டினேன். வாங்கவில்லை.

23 ஜூன் 2013

ஞாயிறு பூசைக்கு அப்பா எங்களோடு வரவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வைத்த சாப்பாட்டைச் சாப்பிடவில்லை, அம்மா வைத்ததைச் சாப்பிட்டார்.

அம்மாவுக்கு நான் சொன்னதில் பாதிதான் புரிந்தது. "ஆளு உயிரோட இருக்குல்லா, அது போராதா ஒனக்கு? எதுக்கு மக்ளே போய்ச் சொன்ன?" என்றாள்.

தெரியவில்லை அம்மா. அவர் ஒளிக்காண்டாம் என்று சொன்னார்.

25 ஜூன் 2013

லிஜின் போன். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"ஒனக்க படிப்புக்கு அப்பாக்கத் தொண்டையா கெடச்சுது?"

நான் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.  காசு போகிறதே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என்ன நினைப்பு அது!

3 ஆகஸ்ட் 2013

ஆறு வாரமாக அப்பா ஒரு எழுத்துகூட எனக்கு எழுதவில்லை. சனிக்கிழமை வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வாசலில் என் செருப்பைப் பார்த்தால் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார்.

கட்டுரை எழுதி முடித்தேன். முதல் வரியை எழுதத்தான் நாள் ஆயிற்று: நாங்கள் முன்பு சொன்னது உறுதிப்படவில்லை. மேடம் ஒரே ஒரு இடத்தில் திருத்தினார். 'எதிர்பாராத விதமாக' என்று தொடங்கியிருந்தேன். அதை அடித்துவிட்டார்.

19 அக்டோபர் 2013

அம்மா புதுச் செய்தி சொன்னாள். அப்பா வாரத்தில் இரண்டு மூன்று நாள் பஸ் ஏறிப் போகிறாராம். எங்கே என்று சொல்வதில்லை. பூங்கனி அக்கா மண்டைக்காட்டில் அவரைப் பார்த்தாளாம், முத்துநாயகம் வீட்டு வராந்தாவில். இரண்டு ஆண்களும் எதிரெதிரே இருந்து சோடா குடித்துக் குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்களாம். அக்கா பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டாள்.

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருந்தேன்.

11 டிசம்பர் 2013

இன்று லேபுக்கு ஒருவர் மகளோடு வந்திருந்தார். கொல்லங்கோட்டுப் பக்கத்துத் தச்சர், பொன்னுலிங்கம். குரல்வளையில் அதே இடம், அதே அளவு. கதிரா, அறுவையா என்று முடிவெடுக்க வேண்டும். யாரோ பழைய கட்டுரையைப் பற்றி அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். "ஒரு சோதனை இருக்குதாமே மேடம், அப்பாவுக்கும் பாத்துச் சொல்லுங்க" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

உட்காரவைத்தேன். அந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது, நாங்களே பார்த்துவிட்டோம், என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. கையில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கேட்டு வந்தவளிடம் கயிறே இல்லை என்று சொல்வது. அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சர்ஜனிடம் இன்னொரு முறை நிதானமாகப் பேசச் சொல்லி நானே கூட்டிப்போனேன். கதிர் எடுப்பதாக முடிவு செய்தார்கள். பலிக்குமா என்று போகும்போது அந்தப் பெண் கேட்டாள்.

"தெரியாது" என்றேன். இந்தத் தடவை வேறு எதையும் சேர்க்கவில்லை.

20 பிப்ரவரி 2014

கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பழம்பொரி யாரும் வாங்கவில்லை. மேடம் மட்டும் வந்து என் மேசையில் பால் விடாத ஒரு கட்டன்சாயாவை வைத்துவிட்டுப் போனார்.

6 மார்ச் 2014

மத்தியானம் தகடு பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அம்மாவின் எண். கையுறையைக் கழற்றி எடுப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடியும் அடித்தது.

எடுத்தேன். ஒரு ஏப்பச் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. "அம்மா?" என்றேன். லைன் கெட்டுப்போனது என்று வைக்கப்போனேன்.

"ஏட்டி."

காற்று விழுங்குகிற சத்தம்.

"போன… எடுக்க… எவ்வளவு… நேரம்?"

அப்பாதான். அந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் மல்லுக்கட்டினார். தடித்த, கரகரத்த, ஆழத்திலிருந்து வருகிற சத்தம். பழைய குரலின் சாடை துளிகூட இல்லை. அறைக்கு வெளியே நடையில் வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"வார… வாரம்… வாற. வந்து… மூஞ்சியத்… தூக்கி… வச்சிட்டு… இருக்க." மறுபடி காற்று. "கெழவிக்கு… ஒரு… கை… ஒதவி… உண்டா?"

"இல்லப்பா."

"இல்ல… அப்பா… வாம். படிச்ச… புள்ள."

பின்னால் அம்மா போனைப் பிடுங்குவது கேட்டது. "ஒன்ன நாலு ஏசு ஏசணும்னுதான் இத்தன மாசமா பழகினாரு கேட்டியா! காலம்பற எழுப்பி எனக்கிட்ட ஏசிப் பாத்துட்டுத்தான் போனக் கேட்டாரு" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. போன் மறுபடி கைமாறியது.

"இன்னும்… இருக்கு" என்றார் அப்பா. "வந்து… கேளு."

மீதித் தகடுகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு மேடத்திடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். நாள் வியாழக்கிழமை. ஐந்து மணிப் பாசஞ்சரில் நல்ல கூட்டம், குழித்துறை வரை நின்றுகொண்டே வந்தேன்.